அவள் வண்டியில் இன்னொருவன் கை

திகாம் பத்து ஊர்ச் சந்தியின் சிவப்பு விளக்கில் எனக்கு முன்னால் ஒரு லோரி வந்து நின்றது. பின்னால் முழுக்கக் கட்டிப்பால். கோப்பையில் உறைந்த ரப்பர் பால், உருண்டை உருண்டையாக, தண்ணீர் சொட்டச் சொட்ட. பக்கத்துக் காரின் கண்ணாடி உடனே ஏறியது. வேறொரு மோட்டார் சைக்கிளில் இருந்த பெண் முக்காட்டின் நுனியை மூக்கில் அழுத்திக்கொண்டாள். அந்த அழுகல் நாற்றம் எல்லோருக்கும் தெரியும். அதற்கடியில் ஊசிபோல இன்னொன்று இருக்கிறது: பாலை உறையவைக்கும் அமிலத்தின் நெடி. மலாய்க்காரர்கள் அதைச் சூக்கா கெத்தா என்பார்கள், தோட்டத்துக்காரர்கள் நாங்கள் வெறும் சூக்கா என்போம். நாசியின் உச்சிக்கு ஏறி, கண்ணின் ஓரத்தில் இறங்கும். மற்றவர்களுக்குக் குமட்டல் வரும். எனக்கு வெட்கம் வருகிறது. பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்து, கையை விரித்து, என்னைத் தாண்டிப் போனார்.

அந்த நெடி என்னைச் சில வருடங்களுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கொண்டுபோய் விடுகிறது. அதைச் சொல்வதென்றால் முதலில் என் மனைவியின் மோட்டார் சைக்கிளைச் சொல்ல வேண்டும்.

நீல நிறக் கப்சாய். மீன் விற்பவரும் வாத்தியாரும் கல்யாணத் தரகரும் இந்த ஊரில் ஓட்டுகிற அதே சின்ன வண்டி. கல்யாணத்துக்கு முன்பே தன் சம்பளத்தில் வாங்கியிருந்தாள். கல்யாணமான மறுவாரம் அவளே ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தினாள். அன்று முதல் அதற்கு வைத்தியன் நான்தான். சுங்கைப் பட்டாணியில் ஒரு தையல் கடைக்குத் தினமும் அதில்தான் போய் வருகிறாள். நான் தொழிற்சாலையில் ஷிப்டுக்காரன். இருவர் நேரமும் ஒத்துப்போகிற நாள் ஞாயிறு. முன்வாசல் படியில் காப்பியை வைப்பாள், பக்கத்தில் சாவியை வைப்பாள், உள்ளே போய்விடுவாள். எஞ்சினுக்குக் கறுப்பெண்ணெய் மாற்றுவேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மணல்தாளில் தேய்ப்பேன். பிரேக்கை இழுத்து விட்டு இழுத்து விட்டுப் பார்ப்பேன். கண்ணே மணியே என்று சொல்ல வராத வாய் எனக்கு. சொல்லாத அத்தனையையும் ஸ்பேனரால் முறுக்கி அந்த வண்டிக்குள் வைத்திருந்தேன். தினமும் அவள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து போகிறாள், எனக்கு அது போதும்.

கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டேன். கழற்றிய திருகு மரைகளை எல்லாம் ஒரே பால் டின்னில் போடுவேன். மாட்டி முடித்தால் ஒன்றிரண்டு மிஞ்சும்.

“இது என்னங்க?”

“அது எக்ஸ்ட்ரா.”

“வாங்கறப்பவே எக்ஸ்ட்ராவா குடுத்தான்?”

சிரித்துவிட்டுப் போவாள். அடுத்த ஞாயிறும் சாவி படிக்கு வரும்.

பிறகு பக்கத்து வீடு காலியானது. அவள் தங்கையும் தங்கையின் கணவனும் குடிவந்தார்கள். எனக்குச் சகலை, என்னைவிடப் பத்து வயது இளையவன். ‘அவர்’ என்று எழுதப் பார்க்கிறேன், பேனா இன்றும் மறுக்கிறது. கிடங்கு ஒன்றில் சரக்கு மேற்பார்வை வேலை. அவனும் தோட்டத்தில் பிறந்தவன்தான், சின்ன வயதிலேயே டவுனுக்கு வந்துவிட்டவன். அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய தாமான் குடியிருப்பு வீடுகள். இரண்டு முன்வாசலுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அதற்கு அந்தப் பக்கம் அவனும் ஞாயிறுதோறும் தன் வண்டியைக் கழற்ற உட்கார்ந்தான்.

அவன் பால் டின் வைத்துக்கொள்ளவில்லை. கடையில் முட்டை வருகிற காகித அட்டையை வைத்துக்கொண்டான். கழற்றுகிற ஒவ்வொரு மரையும் ஒவ்வொரு குழியில், கழற்றிய வரிசையில். திரும்ப மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து ஆரம்பிப்பான். முடிக்கும்போது அட்டை காலியாக இருக்கும். ஒரு பாகத்தைத் தொட்டுவிட்டு இன்னொன்றைத் தொடும்முன் துணியில் கையைத் துடைப்பான். அவன் முன்வாசல் தரையில் ஒரு கறை கிடையாது. என் தரையைப் பார்த்தால் யாரையோ வெட்டிச் சாய்த்த இடம்போல இருக்கும்.

துணி காயப்போட வந்த என் மனைவி சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

“பாத்தீங்களா, தம்பி எவ்ளோ அழகா அடுக்கி வெச்சிருக்கு. கொலு மாதிரி.”

“மோட்டார் ஓடணும்லா. கொலு வெச்சு என்ன செய்ய?”

“ஓடுதே.”

ஒரே சொல். துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொறாமையை நான் நெருப்பு என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது டயரில் ஏறிய ஆணி. காற்று உடனே போகாது, வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு காலையும் பார்த்தால் நேற்றைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். நான் தாழ்ந்துகொண்டிருந்தேன். அவன் செய்வதை ஓரக்கண்ணால் பார்ப்பேன், பார்க்காததுபோல ஸ்பேனரைச் சத்தமாகத் தரையில் போடுவேன். முட்டை அட்டை ஒன்று வாங்கி வந்தேன், பிரிக்காமலே குப்பையில் போட்டேன். அவன் பார்த்துவிட்டால்?

அந்தச் சனிக்கிழமை எனக்குக் காலை ஷிப்டு. மத்தியானம் வீட்டுச் சந்து திரும்பும்போதே ஒரு சத்தம் கேட்டது. முன்வாசலில் நீல வண்டி ஸ்டாண்டில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தை நூறு வண்டியில் கண்டுபிடிப்பேன். லேசாக இருமும், நான்கு துடிப்புக்கு ஒரு துடிப்பை விழுங்கும். அது அதன் சுபாவம் என்று வருடக்கணக்காக விட்டிருந்தேன். இப்போது விழுங்கவில்லை. தூங்குகிற குழந்தையின் மூச்சுபோலச் சீராக, தாழ்வாக, வேறு யாருடைய வண்டியோபோல ஓடியது.

“காலையில கடைக்குக் கெளம்பறேன், செத்துச் செத்துப் போவுது” என்றாள். “தம்பி வீட்லதான் இருந்துச்சு. கார்புரேட்டரக் கழட்டி ஊதிக் குடுத்துச்சு. அரை மணி நேரங்கூட ஆவல. இப்பப் பாருங்க, எப்படி ஓடுதுன்னு. ஒங்களுக்குக் காட்டலாம்னுதான் போட்டு வெச்சிருக்கேன்.”

“எனக்குப் போன் பண்ணிருக்கலாமே.”

“வேலயில போன லாக்கர்ல வெச்சுப் பூட்டிருவீங்களே.”

“சாவிய நீயா குடுத்த?”

“பின்ன? சாவி இல்லாம எப்படி ஸ்டார்ட் பண்ணும்?” என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “என்னாச்சு ஒங்களுக்கு?”

எனக்கு என்ன ஆனது என்று எப்படிச் சொல்வேன்? சுவருக்கு அப்பாலிருந்து அவன் தலை தெரிந்தது.

“அண்ணே, ஜெட் ஓட்டையில ஒரு துளி அழுக்கு, அவ்ளோதான். மத்தபடி வண்டிய நல்லாத்தான் வெச்சிருக்கீங்க.”

நல்லாத்தான். அந்தத் ‘தான்’ அன்று முழுவதும் என் பல்லிடுக்கில் சிக்கிக்கிடந்தது.

மறுநாள் ஞாயிறு. குரூணில் உறவுக்காரர் வீட்டில் காதுகுத்து. அக்கா தங்கை இருவரையும் சகலை தன் காரில் கூட்டிப்போனான். தலைவலி என்று நான் நின்றுகொண்டேன். படியில் காப்பி இருந்தது. சாவி இல்லை. உள்ளே ஆணியில் தொங்கியது. மறந்தாளா, இனி தேவையில்லை என்று விட்டாளா? அந்தக் கேள்வியோடு சாவியை நானே எடுத்தேன்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. குறை வேண்டும் என்று காதைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டேன். உள்ளே எங்கோ ஊமையாக ஒரு முனகல் இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கார்புரேட்டரைக் கழற்றித் திறந்தேன். காற்றும் பெட்ரோலும் கலக்கிற உள்ளங்கை அளவு உறுப்பு அது. வண்டியின் நுரையீரல் என்று வைத்துக்கொள்ளலாம். திறந்தவன் கூசிப்போனேன். அத்தனை சுத்தம். இத்தனை வருடம் நான் புழங்கிய வீட்டுக்குள் இன்னொருவன் புகுந்து, கூட்டித் துடைத்து, விளக்கும் ஏற்றிவிட்டுப் போயிருந்தான். தேடித் தேடி ஒரு மூலையில் பழுப்பாக ஒரு கறையைக் கண்டுபிடித்தேன். எனக்கு உயிர் வந்தது. இதை அவன் விட்டுவிட்டான்!

என் அண்ணன் இன்னும் கொஞ்சம் ரப்பர் மரம் வைத்திருக்கிறார். துருப்பிடித்த போல்ட்டுகளுக்காக அவரிடம் வாங்கிவந்த சூக்கா ஒரு போத்தலில் இருந்தது. தோட்டத்து லயத்தில் யாருடைய பெட்ரோல் தொட்டி துருவேறினாலும் சூக்காவைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, கூழாங்கல் போட்டு ஆட்டிக் கொட்டுவோம். உள்ளே வெள்ளித் தம்ளர்போல ஆகிவிடும். எந்த வொர்க்‌ஷாப்பிலும் அப்படிச் செய்ய மாட்டார்கள். இது எங்கள் கைமருந்து. டவுனில் வளர்ந்த முட்டை அட்டைக்காரனுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

தொட்டி இரும்பு. கார்புரேட்டர் இரும்பு அல்ல, மென்மையான வெள்ளை உலோகம். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அந்தக் காலையில் மட்டும் தெரியாமல் போயிற்று. ஒரு பழைய கிண்ணத்தில் வைத்து, தண்ணீர்கூடக் கலக்காமல், முங்க முங்க ஊற்றினேன். நுரைத்தது. குபுகுபுவென்று பொங்கியது. கண் எரிந்தது, இருமல் வந்தது, எனக்கோ சந்தோஷம். அழுக்கு கழல்கிறது, அவனுக்கு எட்டாத அழுக்கு கழல்கிறது என்று நின்று பார்த்தேன். உள்ளே போய் மீதிக் காப்பியைக் குடித்தேன். படுத்தேன். என் சமீபத்திய தூக்கங்களில் நல்ல தூக்கம் அதுதான்.

எழுந்து வந்து எடுத்தபோது கையில் வந்தது வேறொரு பொருள். சாம்பல் கறுப்பாக, மேலெல்லாம் பொரிந்து, விரலில் மாவுபோல ஒட்டியது. மரை போகிற துளைகள் வாயகன்றிருந்தன. சோப்பு போட்டேன், தேய்த்தேன், பல்குச்சியால் குத்தினேன். எல்லாம் சரியாகிவிடும் என்று மாட்டினேன். உதைத்தேன். எடுத்தது. எடுத்ததும் அலறியது. கைப்பிடியை விட்டும் வேகம் இறங்கவில்லை. உள்ளே ஏறி இறங்க வேண்டிய உருளை சொரசொரப்பில் சிக்கிக்கொண்டு மேலேயே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பி அணைத்தேன். நடு ரோட்டில், லோரிகளுக்கு நடுவில், அவள் அதன்மேல் இருக்கும்போது அப்படிச் சிக்கியிருந்தால்? கீழே பெட்ரோல் சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்தது.

அப்போதுதான் கார் பக்கத்து முன்வாசலில் வந்து நின்றது. பட்டுப்புடவையோடு இறங்கிய என் மனைவி நேராக வண்டியிடம் வந்தாள்.

“என்னங்க இது, எண்ண ஒழுவுது? நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?”

உண்மை நாக்கின் நுனிக்கு வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று முன்னால் வந்தது.

“நேத்து ஒன் தங்கச்சி வீட்டுக்காரரு கழட்டினாரே. அதுக்கப்புறந்தான்.”

சொன்னவுடன் அவள் முகத்தைப் பார்த்தேன். சுவரைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையில் நேற்றைய மெச்சல் அணைந்ததைப் பார்த்தேன். மனம் குளிர்ந்தது. மறைத்து என்ன, குளிர்ந்தது.

“தம்பி, கொஞ்சம் இங்க வாங்க.” குரல் வேறாக இருந்தது. “நாளைக்கு நான் எப்படி வேலைக்குப் போவேன்?”

சகலை சுவரைத் தாண்டி வந்தான். குந்தி உட்கார்ந்தான். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பினான். பிறகு மூக்கருகே கொண்டுபோனான். அவ்வளவுதான். சோப்பும் பெட்ரோலும் அந்த நெடியை மறைக்கவில்லை. தோட்டத்தில் பால் வாளியோடு வளர்ந்த மூக்கு, எத்தனை வருடம் டவுனில் இருந்தாலும் அதை மறக்காது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இரண்டு சகலைகள், நடுவில் ஒரு கிண்ணம்.

“ஆமாக்கா” என்றான். “என் தப்புதான். ஸ்குருவ ஓவரா முறுக்கிட்டேன் போலருக்கு.”

அவன் மனைவி காரிலிருந்தே ஆரம்பித்தாள். “சும்மா நிக்கிற வண்டியெல்லாம் ஓடிப்போய்ப் புடிச்சுக் கழட்டுங்க! ஒங்கள யாரு கேட்டா? அக்கா வண்டி என்ன ஒங்களுக்கு வெளையாட்டுச் சாமானா?”

“சரி சரி லா. தெரியாம நடந்துபோச்சு.” அவன் தன் வீட்டுக்குள் போய், ஒரு பழைய வண்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த கார்புரேட்டரைக் கொண்டுவந்தான். அதே ரகம். துணியில் சுற்றி வைத்திருந்தான். “அண்ணே, இத நீங்களே மாட்டிருங்க. நான் கை வெச்சா அக்காவுக்கு பயமா இருக்கும்.”

நான் மாட்டினேன். அவன் பொருளை, அவன் சொல்ல, என் கையால். வண்டி அருமையாக ஓடியது.

அடுத்த ஞாயிறு சாவி படிக்கு வந்தது. காப்பியோடு இரண்டு வடையும் வந்தன. நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் அது எப்படிக் கிடைத்தது தெரியுமா? அவள் வாயிலிருந்து நாள்தோறும் கிடைத்தது. விருந்துக்கு வந்தவர்களிடம் சொன்னாள், தையல் கடையில் சொன்னாள், “இவரு கைதான் கை. நான் ஒரு தடவ மாத்திக் குடுத்துப் பட்டேன்.” எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா சகலையிடம் வண்டியைக் காட்டுவது வழக்கம். அந்த அம்மாவையும் என் மனைவி ஜாடைகாட்டித் தடுத்தாள். தங்கை வீட்டுக்குச் சுவர் வழியாகப் போகிற கறிக்கிண்ணம் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் “தம்பி, சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க” என்ற பேச்சு நின்றுபோனது.

பொறாமை அதோடு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, இடம் மாறியது. முன்பு அவன் கையைப் பார்த்து வெந்தேன். இப்போது அவன் வாயைப் பார்த்து வெந்தேன். எப்படி ஒருவனால் அப்படி மூடிவைத்திருக்க முடிகிறது? சுவருக்கு அந்தப் பக்கம் அதே முட்டை அட்டை, அதே துணி, அதே “அண்ணே, சாப்டாச்சா?” அவன் முகத்தில் ஒரு ஏளனம், ஓர் இளக்காரச் சிரிப்பு, ஒரு ‘நான் நெனச்சா’ இருக்கிறதா என்று தேடினேன். இருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதைக்கூட அவன் எனக்குத் தரவில்லை. அவள் என்னைப் புகழும்போதெல்லாம் அந்தப் புகழும் அவன் பழைய சாமானிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தது என்று தெரிந்தது.

மூன்று மாதம் போயிருக்கும். அவனுக்கு அலோர் ஸ்டாருக்கு மாற்றல் வந்தது. அங்கே மெர்கோங்கில் வீடு பார்த்துவிட்டார்கள். சாமான் ஏற்ற ஒரு காலையில் லோரி வந்தது. அலமாரியை அவனும் நானும் தூக்கினோம். மெத்தையைத் தூக்கினோம். அவன் பின்னால் நடந்தான், பாரம் அவன் பக்கம் அதிகம் என்பதையும் கவனித்தேன். கடைசியாக அவன் ஸ்பேனர் பெட்டி ஏறியது.

தங்கையைக் கட்டிக்கொண்டு அழுது, அவளைக் காரில் முன்னால் அனுப்பிவைத்த என் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, அங்க போயாவது அடுத்தவங்க வண்டியில கை வெக்காதீங்க. எல்லாரும் என்ன மாதிரி சும்மா விட மாட்டாங்க.”

பாதி கேலி, பாதி புத்திமதி. அவன் சிரித்தான். “சரிக்கா” என்றான். அந்தச் சிரிப்போடு அவன் லோரி முன்கதவைத் திறக்கப்போனான். போய்விட்டால் முடிந்தது. சாவி எனக்கு, பேர் எனக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அவனிடம் இருக்கும். ஆயுசு முழுக்க என்னைவிட உயரமான ஒன்று மெர்கோங்கில் ஒரு வீட்டில் இருக்கும். நல்ல மனத்தால் வாய் திறந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பெருந்தன்மையையும் அவனிடம் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

“அது அவன் இல்ல” என்றேன். “கார்புரேட்டரக் கெடுத்தது நான். சூக்காவுல ஊறப்போட்டேன்.”

லோரி டிரைவர் எஞ்சினை முடுக்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் கேட்டுவிட்டது. மனைவி என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

“ஒங்களுக்குத் தெரியுமா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“தெரிஞ்சுமா இத்தன நாளா நான் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா தம்பி?”

“சொல்லிருந்தா அண்ணன் அப்புறம் ஒங்க வண்டியத் தொட்டிருக்க மாட்டாருக்கா” என்றான். “கிடங்கு வேல, எப்ப மாத்துவான்னு தெரியாது. நான் போயிருவேன். வண்டி இங்கதான இருக்கும்.”

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். நான் நின்ற இடத்தில் நின்றேன். வெட்கப்படவும் நேரம் இல்லை, டிரைவர் ஹாரன் அடித்தார். சகலை ஏறி உட்கார்ந்தான், கதவைச் சாத்தினான். லோரி நகர ஆரம்பித்தது. எங்கள் வாசலைக் கடக்கும்போது அவன் கண் ஒரு கணம் நீல வண்டியின் மீது போனது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

“அண்ணே, செயின் தொங்குதுண்ணே. அக்கா கெளம்பறதுக்குள்ள இழுத்துக் கட்டிருங்க.”